கார்பைனின் வயிற்றுக்குள் ஒரு எட்டிப்பார்வை!

கண்ணாடி போட்டாச்சா? காதடைப்பான்? சபாஷ், இனி சத்தம் போடாமல் பின்னாலேயே வாங்க. முன்வாசல் வழியாகப் போகப்போவதில்லை. அங்கே கொடியும் மைக்கும் கூட்டமும் இருக்கும். நமக்கு வேண்டியது கொல்லைப்புறம்!

இது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம். ஈரி ஏரிக்கரையில், போர்ட் கிளின்டன் ஊரையொட்டி விரிந்து கிடக்கும் கேம்ப் பெர்ரி. 1907-ல் இங்கே தொடங்கிய தேசியத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளுக்கு இன்றும் கோடை வந்தால் திருவிழாக் கூட்டம்தான். இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலிய, ஜெர்மன் போர்க்கைதிகளை அடைத்து வைத்திருந்த முகாமும் இதுவேதான். பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கென்றே இங்கு தனிப் போட்டிகள் உண்டு. அவற்றில் ஒன்று நம் கதாநாயகனுடையது: எம்-1 கார்பைன்.

பார்வையாளர்களின் கண் இலக்குப் பலகையில் இருக்கிறது. நம் கண் வண்டிகள் நிற்கும் பக்கம். பின்கதவு திறந்த வேன்கள், மடக்கு மேசைகள், எண்ணெய்த் துணிகள், ஃபிளாஸ்க்கில் காப்பி. ஒவ்வொரு மேசையிலும் உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சின்னத் தகரப் பெட்டிகள். அவற்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், கட்டை விரலால் அமுக்குகிறார்கள், காதருகே வைத்துக் குலுக்குகிறார்கள். என்ன நடக்கிறது இங்கே?

மேகசின் பொறுக்குகிறார்கள்!

துப்பாக்கியின் வால்நட் கட்டையைத் தடவிப் பார்க்க நூறு பேர் வருவார்கள். குழலுக்குள் கண்ணை விட்டுப் பார்க்க ஐம்பது பேர் வருவார்கள். ஆனால் அந்தத் துப்பாக்கி பதினைந்து முறையும் தடங்கலின்றிச் சுடுமா, இரண்டாவது குண்டிலேயே மூச்சு முட்டி நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது தோட்டாக்களை அடுக்கிக் கீழே செருகுகிற அந்தத் தகர டப்பாதான். இத்தனை பெரிய ஆளின் மானம் இத்தனை சின்ன டப்பாவின் கையில்!

ஜூக்பாக்ஸ் கம்பெனி செய்த துப்பாக்கி

உள்ளே போகும் முன் கொஞ்சம் வம்பு பேசிக்கொள்வோம். எம்-1 கார்பைனின் பிறப்புக் கதையே ஒரு கூத்து. லாரி ஓட்டுபவர், வயர்லெஸ்காரர், பீரங்கிப் படையில் இருப்பவர் எல்லோரும் முழுநீள ரைஃபிளைச் சுமக்க முடியாது. கைத்துப்பாக்கியோ தூரத்துக்கு எட்டாது. நடுவில் ஒன்று வேண்டும் என்றது அமெரிக்க ராணுவம். வந்தது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடையில் ஒரு செமி-ஆட்டோமேட்டிக். 1942 முதல் 1945 வரை அறுபது லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அந்தப் போரில் அமெரிக்கா வேறெந்தத் துப்பாக்கியையும் இத்தனை செய்யவில்லை.

யார் செய்தார்கள் என்று பாருங்கள். வின்செஸ்டர் சரி, அவர்களுக்கு அதுதான் தொழில். ஆனால் அண்டர்வுட்? தட்டச்சுப் பொறிக் கம்பெனி! ராக்-ஓலா? சிகாகோவின் ஜூக்பாக்ஸ் கம்பெனி! ஐ.பி.எம். இருக்கிறது. தபால் முத்திரை இயந்திரம் செய்கிற நேஷனல் போஸ்டல் மீட்டர் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் இன்லாண்ட் பிரிவு மட்டும் இருபத்தைந்து லட்சத்துக்கு மேல் செய்தது. நாம் நிற்கிற இந்தப் போர்ட் கிளின்டனிலேயே ஸ்டாண்டர்டு புராடக்ட்ஸ் என்ற கார் உதிரிபாகக் கம்பெனி கார்பைன் செய்தது. இன்றைக்கு ஒரு சேகரிப்பாளர் குழலின் மேல் 'ராக்-ஓலா' என்ற பெயரைப் பார்த்துவிட்டால் போதும், கண்ணில் மத்தாப்பு!

இதன் கேஸ் பிஸ்டன் ஏற்பாட்டுக்கு வழிசெய்த டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ், கொலை வழக்கில் வட கரோலினா சிறையில் இருந்தபோதே துப்பாக்கி வடிவமைத்தவர். அவர் கதையை ஜேம்ஸ் ஸ்டுவர்ட் நடிக்க 1952-ல் ஹாலிவுட் படமாகவே எடுத்தது. இத்தனைக்கும் பிறகு, போர் முடிந்து மிஞ்சியவற்றை 1963-ல் தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினர்களுக்கு என்ன விலைக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? இருபது டாலர்! இன்று அதைச் சொன்னால் இங்கே சிலர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள்.

துப்பாக்கி அப்படி நிலைத்துவிட்டது. மேகசின் நிலைக்கவில்லை. நசுங்கியது, துருப்பிடித்தது, தொலைந்தது. எண்பது வயதுத் துப்பாக்கிக்குப் புது மேகசின் தேடும் படலம் அங்கேதான் ஆரம்பம். சந்தையில் மூன்று ஜாதி கிடைக்கும்: போர்க்காலத்து அசல், வெளிநாட்டு ராணுவங்களுக்காகப் பின்னால் செய்தது, இன்றைய தனியார் பட்டறைப் பிரதி.

டப்பாவைத் திறக்கிறோம்!

இதோ, ஒரு மேசையில் இடம் கிடைத்துவிட்டது. துப்பாக்கி அப்பால் இருக்கிறது, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் திறந்திருக்கிறது, தோட்டா அறையில் மஞ்சள் பிளாஸ்டிக் கொடி செருகியிருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை என்று ஊருக்கே அறிவிக்கும் கொடி அது. அது இல்லாமல் இங்கே யாரும் துப்பாக்கியைத் தொடுவதில்லை.

பதினைந்து தோட்டா பிடிக்கும் நேரான மேகசினை எடுக்கிறார் மேசைக்காரப் பெரியவர். அடித்தகட்டை அமுக்கிப் பிடித்தபடி மெல்ல நகர்த்துகிறார். கட்டை விரல் மட்டும் விலகவே இல்லை. விலகினால் ஸ்பிரிங் பறந்து போய் அடுத்த வேனுக்கு அடியில் விழும். தகடு வந்தது, ஸ்பிரிங் வந்தது, அதன் தலையில் ஃபாலோவர் என்கிற சின்ன எஃகு மேடை வந்தது. கையில் மிஞ்சியது வெறும் கூடு. நான்கே பாகம்! இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

இதற்கேதான். கூட்டின் வாயில் இரு பக்கமும் உள்நோக்கி வளைந்த விளிம்புகள் இருக்கின்றனவே, அவற்றை உதடு என்பார்கள். உள்ளே தோட்டாக்கள் வலம் இடமாக மாறி மாறி அடுக்கியிருக்கும். மேலேயிருக்கும் தோட்டாவை உதடு பிடித்து வைத்திருக்க வேண்டும். போல்ட் முன்னால் பாய்ந்து வந்து தள்ளும் அந்தக் கணத்தில் விட்டுவிடவும் வேண்டும். சீக்கிரம் விட்டால் இரண்டு தோட்டா ஒன்றாகக் கிளம்பி வாசலில் முட்டிக்கொள்ளும். தாமதித்தால் தோட்டாவின் மூக்கு கீழே குத்தி நிற்கும். உதடு ஒரு மயிரிழை விரிந்திருந்தாலும் ஆட்டம் குளோஸ்.

இனி அந்தப் பெரியவரின் விரலைக் கவனியுங்கள். சந்தையில் வெண்டைக்காயை நுனி ஒடித்து வாங்குகிறவரின் விரல் வேகம் அது. பேச்சு நம்மோடு, சோதனை விரலோடு.

முதலில் உதடு. இரண்டும் ஒரே உயரமா, ஒரே வளைவா? வளைவின் வேரில் முடி மாதிரி கீறல் ஓடுகிறதா? நன்றாக வேலை செய்கிற மேகசின் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்கிறார். புதிதாக வருகிறவற்றின் உதட்டு இடைவெளியை வெர்னியரால் அளந்து அதனோடு ஒப்பிடுகிறார். கடைக்காரர் அட்டையில் அச்சடித்திருக்கும் எண்ணைக் காட்டினால் சிரிக்கிறார். ஓடுகிற மேகசின்தான் அளவுகோல்.

அடுத்தது ஃபாலோவர். திரும்ப மாட்டிவிட்டு ஒரு மரக்குச்சியால் அடிவரைக்கும் அழுத்தி, மெதுவாக விடுகிறார். இழையாக ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தயங்கினால் அங்கே கூடு நசுங்கியிருக்கிறது என்று பொருள். வெளியே கண்ணுக்குத் தெரியாத நசுங்கல்கூட உள்ளே டார்ச் அடித்தால் நிழல் காட்டிக் கொடுத்துவிடும். ஏறும்போது முன்பக்கம் சாய்கிறதா? முந்தைய சொந்தக்காரர் ஸ்பிரிங்கைத் திருப்பிப் போட்டிருக்கலாம். அது மட்டும்தான் கோளாறு என்றால் உள்ளுக்குள் ஒரு குதியாட்டம்: கழித்துக் கட்டிய விலையில் நல்ல சரக்கு!

மூன்றாவது முதுகு. முதுகுத் தகட்டின் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இறுக்கமாக இருக்கின்றனவா? துப்பாக்கியின் கொக்கி பிடித்துத் தொங்கவிடும் சின்ன மொட்டுகள் கூர்மையாக இருக்கின்றனவா? அந்த மொட்டு தேய்ந்திருந்தால் மேகசின் ஒரு நூல் கீழே இறங்கி நிற்கும். போல்ட் தோட்டாவின் பிட்டத்தைப் பிடிக்காமல் முதுகில் வழுக்கிப் போகும். பார்ப்பவர் துப்பாக்கியைத் திட்டுவார். துப்பாக்கி என்ன செய்யும், பாவம்!

கடைசியாக அடித்தகடு. விரலால் தட்டினால் கழன்றுவிடக் கூடாது. சுட்டுக்கொண்டிருக்கும்போதே அடித்தகடு கழன்று ஸ்பிரிங்கும் தோட்டாவுமாகக் காலடியில் கொட்டியதை இங்கே பலர் பார்த்திருக்கிறார்கள். ரொம்ப வேடிக்கையான காட்சி, நம்முடையதாக இல்லாத வரை.

முப்பதின் முரண்டு

இப்போது கொஞ்சம் ரகசியம். புதிதாகக் கார்பைன் வாங்குகிறவர் முதலில் கை நீட்டுவது வளைந்த முப்பது தோட்டா மேகசினுக்கு. பார்க்க மிடுக்கு! பழம் தின்று கொட்டை போட்டவர்கள் கை நீட்டுவது நேரான பதினைந்துக்கு.

ஏன்? இந்தத் துப்பாக்கி பிறந்ததே பதினைந்துக்கு. முப்பது பின்னால் வந்தது, தானியங்கியாகவும் சுடக்கூடிய எம்-2 கார்பைனோடு போரின் கடைசிக் கட்டத்தில் சேர்ந்தது. நிறைந்த முப்பதின் பாரத்தைப் பழைய கொக்கி தாங்காது, மேகசின் தொங்கிப்போகும். அதற்காகவே முப்பதின் முதுகில் கூடுதலாக ஒரு மொட்டு வைத்தார்கள். அதைப் பிடிக்க இடப்பக்கம் ஒரு கால் நீண்ட எம்-2 கொக்கியைச் செய்தார்கள். உங்கள் துப்பாக்கியில் பழைய கொக்கி இருந்தால் உலகத்தின் மிகச் சிறந்த முப்பதும் தள்ளாடும். மேகசினில் குறை தேடி மாதக்கணக்கில் அலைகிறவர்கள், கொக்கியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும்.

1950-ல் கொரியப் போரின் குளிர்காலத்தில் கார்பைன் உறைந்து மக்கர் செய்தபோது, வசவில் ஒரு பங்கு இந்த முப்பதுக்கும் விழுந்தது. இதில் ஒரு குறும்பு பாருங்கள். போருக்குப் பிறகு தென்கொரிய ராணுவத்திடம் கார்பைன்கள் குவிந்தன. ரிசர்வ் படை பல பத்தாண்டுகள் அதையே வைத்திருந்தது. துப்பாக்கி இருக்கும் இடத்தில் மேகசின் செய்ய ஆள் வந்துவிடுவார்கள் அல்லவா? இன்று அசல் கிடைக்காதபோது இந்த மேசைகளில் அதிகம் பரிந்துரைக்கப்படுவது கொரியச் சரக்கு. கே.சி.ஐ. என்ற முத்திரைக்கு இந்த வட்டாரத்தில் தனி மரியாதை. முப்பதுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்த ஊரிலிருந்தே நல்ல முப்பதும் வருகிறது!

முத்திரை ஜோசியம்

அசல் மேகசினின் முதுகைத் துடைத்தால் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரியும். ஒன்று அதை அச்சில் அழுத்திய பட்டறை, மற்றது அது யாருக்காகச் செய்யப்பட்டது என்ற விவரம். கார்பைன் கம்பெனிகள் மேகசினைத் தாங்களே செய்து மாளாமல் சின்னச் சின்னத் தகரப் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்ததன் தடயம் அது. இந்த எழுத்துகளை வைத்து இவர்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, ஜாதகக் கட்டமே தோற்றுவிடும். தன் வின்செஸ்டருக்கு வின்செஸ்டர் எழுத்துள்ள மேகசின்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆளை மூன்று மேசை தள்ளிப் பார்க்கலாம்.

ஆனால் சுடுகிறவருக்கு முத்திரை பாதி ஆறுதல்தான். அசல் முத்திரை குத்திய மேகசினும் எண்பது வருடத்தில் எத்தனை முறை கீழே விழுந்திருக்கும்! போலி முத்திரையும் உலவுகிறது. அட்டையில் 'ஜி.ஐ. ஸ்டைல்' என்று போட்டிருந்தால் அங்கே 'ஸ்டைல்' என்பதைத்தான் உரக்கப் படிக்க வேண்டும். அது ராணுவச் சரக்கு அல்ல, ராணுவ வேஷம். புதுப் பிரதிகளில் இன்னொன்றும் பார்க்கிறார்கள். வெளியே பளபளவென்று கறுப்புப் பூச்சு. அதே பூச்சு உள்ளேயும் தடிமனாக ஏறியிருந்தால் ஃபாலோவர் திக்கும். கூட்டின் பக்கவாட்டை இரு விரலால் அமுக்கும்போது உள்வாங்கினால் தகடு மெலிசு. பளபளப்பு ஏமாற்றும்; மங்கலாக, கீறலோடு, எண்ணெய் நாற்றத்தோடு கிடப்பது பல நேரம் கெட்டிக்காரனாக இருக்கும்.

பக்கத்து மேசையில் ஒரு சின்னப் பரிதாபம் நடக்கிறது, எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். அங்கே இருப்பது சோவியத் வடிவமைப்பாளர் சிமனோவின் எஸ்.கே.எஸ். அதன் மேகசின் உடம்போடு ஒட்டியது. பத்து தோட்டா, கிளிப் வைத்து மேலிருந்து நிரப்புவது. அதைக் கழற்றிவிட்டு, வாத்து அலகு போல உதடு நீண்ட தனி மேகசினை மாட்ட முயல்கிறார் ஒருவர். பொருத்தினால் ஆடுகிறது, ஆடாவிட்டால் கழல மறுக்கிறது. கழற்றும் மேகசினுக்கென்று பிறக்காத துப்பாக்கியில் அதைத் திணித்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான். அந்த அசல் பத்தே தங்கம் என்று நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கார்பைன்காரர்கள் தங்கள் அதிர்ஷ்டத்தை எண்ணி மீசையை முறுக்குகிறார்கள்.

எண் குத்து, குற்றவாளியைப் பிடி!

வாங்கியாச்சு. உடனே போட்டிக்குக் கொண்டு போவார்களா? மூச்! அதற்கு முன்னால் ஒரு போலீஸ் விசாரணை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒவ்வொரு மேகசினின் அடித்தகட்டிலும் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் எண் போடுகிறார்கள். பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு. பயிற்சி மைதானத்தில் சுடும்போது எங்காவது சிக்கினால் மூன்று விஷயம் எழுதுவார்கள்: எந்த மேகசின், எத்தனையாவது குண்டு, எப்படிச் சிக்கியது. சில நாள் கழித்து நோட்டைப் புரட்டினால் குற்றவாளி தானே கை தூக்குவான். எல்லாச் சிக்கலும் மூன்றாம் எண்ணிலேயே நடந்திருந்தால் அந்த மேகசின் கெட்டது. எல்லா எண்ணிலும் பரவலாக நடந்திருந்தால் மேகசின்கள் நிரபராதி; துப்பாக்கியின் ரீகாயில் ஸ்பிரிங் சோர்ந்திருக்கும், கேஸ் பிஸ்டன் அழுக்கேறியிருக்கும், இல்லை தோட்டா சரியில்லை.

எத்தனையாவது குண்டு என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. நிறைந்த மேகசினின் முதல் தோட்டாவில் சிக்குகிறதா? ஸ்பிரிங் அங்கே முழு பலத்தோடு மேல்நோக்கி அழுத்துகிறது. போல்ட் அந்த உராய்வைத் தாண்ட முடியாமல் திணறுகிறது. கடைசி இரண்டில் சிக்குகிறதா? ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, போல்ட் வந்து சேரும் முன் தோட்டாவை மேலே ஏற்ற முடியவில்லை. முதலும் கடைசியும் தாண்டிவிட்டால் நடுவில் வருவதெல்லாம் இலகு. ஆகவேதான் தேர்ந்தவர்கள் ஒரு மேகசினைச் சோதிக்கும்போது எப்போதும் முழுக்க நிரப்பி, முழுக்கக் காலி செய்கிறார்கள். ஐந்தைந்தாகப் போட்டுச் சுட்டுவிட்டு 'அருமை' என்பது சோதனையே அல்ல.

நிரப்பியதும் இன்னொரு சின்ன வேலை: மேல் தோட்டாவை விரலால் அழுத்திப் பார்ப்பது. பதினைந்து போட்ட பின்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் ஸ்பிரிங்குக்கு இன்னும் மூச்சுவிட இடம் இருக்கிறது. கல் மாதிரி நின்றால் அது ஒன்றைக் குறைத்துப் போட வேண்டிய ரகம். தோட்டாவும் முக்கியம். ராணுவம் கொடுத்த உருண்டை மூக்கு, முழுச் செப்புறை போட்ட 110 கிரெயின் குண்டுக்கு ஏற்ற வழிதான் இந்தத் துப்பாக்கிக்குள் இருக்கிறது. மூக்கில் ஈயம் தெரிகிற வேட்டைத் தோட்டாவை அது சில நேரம் முகம் சுளித்துத்தான் ஏற்கும். அதை வைத்து மேகசினுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

சட்டத்தையும் ஒரு வரியில் தொட்டுவிடுவோம். ஒஹையோவில் பதினைந்தும் முப்பதும் சாதாரணம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்களில் வரம்பு பத்து. அங்கிருந்து வருகிறவர் பத்துத் தோட்டா பிரதிகளைத்தான் தேட வேண்டும். 1994 முதல் 2004 வரை நாடு முழுவதுமே புதிதாகச் செய்த மேகசினுக்குப் பத்துதான் வரம்பு. அந்தக் காலத்தில் பழைய பதினைந்துக்கு இருந்த மவுசை இன்னும் கதையாகச் சொல்கிறார்கள்.

நல்லதை யார் விற்பார்?

கிளம்பும் முன் மிகப்பெரிய ரகசியத்தைக் காட்டாமல் விட்டால் பாவம் சேரும். கன் ஷோ எனப்படும் ஒவ்வொரு துப்பாக்கிச் சந்தையிலும் மேசைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். 'எது எடுத்தாலும் ஒரே விலை' மேகசின் குவியல். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் பொங்கிப் போவார்கள். யோசித்துப் பாருங்கள்: ஒருவரிடம் எண் குத்திய மேகசின் பத்து இருக்கிறது. ஓடுகிற எட்டை விற்பாரா? சிக்குகிற இரண்டைத்தான் விற்பார். அதை வாங்கியவர் இரண்டு மாதம் மல்லுக்கட்டிவிட்டு அடுத்த சந்தையில் தள்ளிவிடுவார். இப்படியே கெட்ட மேகசின் ஊர் ஊராகச் சுற்றும். நல்ல மேகசினோ ஒரே வீட்டில் எண்ணெய்த் துணியில் சுருண்டு தலைமுறை தாண்டும். அந்தப் பெட்டியில் கிடப்பவற்றில் பாதிக்கு மேல் யாரோ கழித்துவிட்டவை என்று நினைத்துக்கொண்டுதான் கை விட வேண்டும். ஒன்று வேண்டுமென்றால் மூன்று வாங்கு, எண் போடு, நோட்டு எழுது. கொல்லைப்புற வேதம் இவ்வளவுதான்.

நம் பெரியவரின் நோட்டில் ஏழாம் எண்ணுக்கு நேராக வரிசையாகக் குறி விழுந்திருக்கிறது. உதட்டின் வேரில் கீறல். வளைத்துச் சரிசெய்தால் இன்றைக்குத் தாங்கும், நாளைக்கு முறியும். அதை அட்டைப்பெட்டிக்குள் போட்டால் நாலு காசு வரும். போடவில்லை. வேனின் பின்படியில் வைக்கிறார், டூல் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுக்கிறார். டணார்! டணார்! தட்டையான தகரத்தைக் குப்பையில் வீசிவிட்டு, எட்டாம் எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்த ஆள் யார் என்பது போல நம்மைப் பார்க்கிறார்.